மக்டலீன் அக்காவின் பல்லுக் கொழுக்கட்டை

யாழ்ப்பாணக் குருநகரில் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையிலே ஒரு குழந்தைக்கு முதற் பல்லு முளைத்தால் இரண்டு பேருக்குச் செய்தி போகும். ஒருவர் பிள்ளையின் தகப்பன். மற்றவர் மக்டலீன் அக்கா. தகப்பன் கடலில் நின்றால் கரைக்கு வரும்வரை செய்தி காத்திருக்கும். மக்டலீன் அக்காவுக்குக் காத்திருக்கிற பழக்கமே கிடையாது. பிள்ளை வீணீர் வடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து போகிற வருகிற நேரமெல்லாம் அதன் முரசை, பல்லு முளைக்கிற ஈறை, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பல்லு வந்ததென்றால் பல்லுக் கொழுக்கட்டை கொட்ட வேண்டும். சைவக்காரரும் கொட்டுவார்கள், வேதக்காரரான நாங்களும் கொட்டுவோம், இதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அரிசி மாவைக் குழைத்து, உள்ளே பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துப் பிறையாக மடித்து, மடித்த விளிம்பிலே சின்னதாகக் கீறிய தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லு வரிசை மாதிரிக் குத்தி அவிப்பார்கள். பிறகு பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, கொழுக்கட்டைகளைத் தலையிலே மெதுவாகக் கொட்டுவார்கள். கொட்டுவது தகப்பனின் சகோதரியின் உரிமை. கொழுக்கட்டை பிடித்துச் சொட்டுக் குத்துவது மக்டலீன் அக்காவின் உரிமை. அதை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. ஆனால் அவரிடமிருந்து பறித்துப்பார்க்க எவருக்கும் துணிவும் இல்லை.

அக்கா கருவாடு போட்டு விற்றுச் சீவிப்பவர். கணவர் கிறகோரி அண்ணை இன்னொருவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போனார், அதிகம் கதைக்காத மனிதர். இரண்டு பேருக்குமாக அக்காவே கதைப்பார். கொழுக்கட்டை நாளில் மட்டும் விடியவே எழும்பி, புளிப்புத் தேசிக்காய்ப் பாதியால் கைகளை முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். “மீன் மணத்தோடை பல்லு முளைச்சால் பிள்ளை பூனையாப் போகும்,” என்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மடு மாதாவிடம் போனார்கள், நேர்த்தி வைத்தார்கள், வைத்தியரிடமும் போனார்கள். பிறகு ஒரு நாள் போவதை விட்டுவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் தவழ்ந்த அத்தனை பிள்ளைகளின் வாயும் அக்காவின் சொட்டு வரிசைக்குப் பிறகுதான் நிறைந்தது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கிலேதான் அவர் சீவித்தார் என்று நான் நினைக்கிறேன்.

எண்பத்தெட்டின் கடைசியில் பக்கத்து வீட்டுத் தேவராசாவின் மூத்த பிள்ளை ஸ்ரெலாவுக்குக் கொழுக்கட்டை கொட்டினோம். இந்திய இராணுவத்தின் காலம். ஊரடங்கு தொடங்குவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் எல்லாமே அவசரத்தில் நடந்தது. அடுப்பில் நீர் கொதிக்கிறதா என்று பார்ப்பதும், வாசலில் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதுமாக அக்கா சொட்டுக் குத்தியதை நானே பார்த்தேன். பிள்ளை சிரித்தது, கொழுக்கட்டை ருசியாக இருந்தது, நாங்கள் பிழைத்து வீடு வந்தோம். அதற்குமேல் எவரும் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

தொண்ணூறில் கோட்டைச் சண்டை வந்தது. தேவராசா வீட்டுப் பின்வளவில் பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கிய ஒரு பங்கர் இருந்தது. அவர்கள் வீடு, மக்டலீன் அக்கா வீடு, என் வீடு, மூன்றுக்கும் அதுதான் பங்கர். ஸ்ரெலாவுக்கு அப்போது இரண்டேகால் வயது. செல் விழுகிற சத்தத்துக்கு அவள் அழுவாள், அவள் அழுகிற சத்தத்துக்குப் பெரியவர்கள் எரிந்து விழுவார்கள். பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்து, சண்டை ஓய்ந்தபின் திரும்பி வந்தோம். திரும்பி வந்த ஸ்ரெலாவின் வலது கைப் பெருவிரல் வாய்க்குள் இருந்தது. அது எப்போது உள்ளே போனது என்று அன்றைக்கு எவரும் கேட்கவில்லை. அழாமல் இருக்கிறாளே என்று சந்தோசப்பட்டோம்.

ஐந்து வயதானபோதுதான் விசயம் வெளியில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேக்கரிப் பாண் கொடுத்தார்கள். ஸ்ரெலா கடித்த பாணை ஒரு பொடியன் தூக்கிப்பிடித்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். இரண்டு பக்கமும் கடிபட்டு, நடுவில் மட்டும் ஒரு நாக்குப்போலப் பாண் நீண்டுகொண்டு நின்றதாம். அவள் கடைவாய்ப் பல்லை இறுகக் கடித்தாலும் முன்னால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாது. நடுவே பெருவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையாலே காற்றுப் போய், சகரம் எல்லாம் சீறும். பொடியள் அவளுக்குப் பட்டம் வைத்தார்கள். அவள் வகுப்பில் வாய் திறப்பதை விட்டாள். வாய் திறக்காதவளுக்கு விரலை வைக்க இன்னும் வசதியாகப் போய்விட்டது.

தாய் றோஸ் சும்மா இருக்கவில்லை. விரலில் வேப்பெண்ணெய் பூசினாள். மிளகாய் பூசினாள். அகப்பைக் காம்பால் அடித்தாள். வேப்பெண்ணெயை நக்கி நக்கி ஸ்ரெலாவுக்கு அதன் கசப்பு பழகிப்போனது. அடித்தால் அழுவாள், அழுகை முடிந்ததும் ஆறுதலுக்கு விரலைத்தான் வைப்பாள். றோஸுக்கு வேறு வழி தெரியவில்லை. வழி தெரியாத நேரத்தில் மனிதர்கள் செய்வதை அவளும் செய்தாள், ஆளைத் தேடினாள்.

ஒரு காலை கிணற்றடியில் நாலைந்து பேர் நின்றோம். மக்டலீன் அக்கா வாளியோடு வந்தார். றோஸ் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

“என்ரை பிள்ளையின்ரை கொழுக்கட்டையிலை நடுவிலை ரெண்டு சொட்டு வைக்காமல் விட்டவ. நான் அண்டைக்கே கண்டனான். இப்ப பிள்ளையின்ரை வாயும் அப்பிடியே கிடக்குது. பிள்ளை பெறாத கையாலை பிடிச்சால் உப்பிடித்தான் வரும்.”

எதற்கும் உடனே மறுமொழி வைத்திருக்கிற மக்டலீன் அக்கா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார், இழுத்தார், பாதித் தண்ணீரோடு வீட்டுக்குப் போனார். எனக்கு றோஸின் வாயில் ஒரு அறை விடவேண்டும்போல இருந்தது. விட்டிருக்கலாம்.

கதை ஒழுங்கை முழுக்கப் பரவியது. அடுத்து இரண்டு வீடுகளில் பல்லு முளைத்தது, இரண்டு வீட்டிலும் அக்காவைக் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் எனக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து தந்தார்கள். பிடித்த பிடியைப் பார்த்தாலே சிரிப்பு வரும், சொட்டுகள் வெறிகாரனைப்போல ஆளுக்கொரு பக்கம் சரிந்து கிடந்தன. நான் அதை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், சிரிப்பார் என்று. அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவையின்ரை பிள்ளைக்குப் பல்லு வடிவா வரும், பெர்னடெட். நான் தொடேல்லைத்தானே,” என்றார்.

அவர் நம்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்காகத்தான். “கொழுக்கட்டையிலை வைச்ச மாதிரிப் பல்லு முளைக்கிறதெண்டால், எங்கடை ஒழுங்கையிலை எல்லாரும் தேங்காய்ச் சொட்டோடையெல்லோ திரிய வேணும்,” என்றேன். அவர் காதில் விழவில்லை. அந்தப் பிள்ளையின் வாய் பொருந்தாவிட்டால், தன் கை இனி எந்தப் பிள்ளைக்கும் உதவாது என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

அவர் முதலில் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். சர்க்கரை கண்ணால் காணக் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலம். எங்கேயோ பனங்கட்டி தேடிப்பிடித்தார். றோஸ் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஸ்ரெலாவைக் கூப்பிட்டு, ஐந்து வயதுப் பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, இடைவெளியே இல்லாமல் சொட்டு நெருக்கிக் குத்திய கொழுக்கட்டைகளை இரண்டாம் முறையாகத் தலையில் கொட்டினார். தலையிலிருந்து விழுந்ததை ஸ்ரெலா பிடித்துப் பிடித்துத் தின்றாள். கடைவாயால்தான். அதன்பிறகு அக்கா நாளும் பொழுதும் அவள் வாயைத் திறந்து பார்த்தார். ஓட்டை ஓட்டையாகவே இருந்தது.

கடைசியில் பல்லுக் கிளினிக்குக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன். தேவராசாவிடம் கேட்டோம். நல்ல மனிதன், பெண்சாதிக்குப் பயந்தவன்.

“கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. அவளுக்கு நான் சொல்லுறன்,” என்றான். எப்போது சொன்னான் என்று தெரியாது.

டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த சின்ன அறை அது. கரண்ட் இல்லை. பல்லுப் பார்க்கிற பத்மாசினி மிஸ் என்று ஒருவர், சாவகச்சேரிக்காரி, ஸ்ரெலாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே இருத்தி, வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். பிறகு அவளுடைய வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரல் மற்ற விரல்களைவிட வெளுத்து, முட்டுக்கு மேலே காய்த்துப்போய் இருந்தது.

“உந்த விரல்தான்,” என்றார். “விடாமல் சூப்பச் சூப்ப மேற்பல்லு வெளியாலை தள்ளுப்படும், கீழ்ப்பல்லு உள்ளுக்குப் போகும். நடுவிலை விரல் நிண்டால் பல்லு எப்பிடி இறங்கும்?”

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். “மிஸ், பல்லுக் கொழுக்கட்டையிலை சொட்டு இடைவெளியாப் போனதாலை வந்ததில்லையோ?”

நான் சிரிப்பை அடக்கினேன். மிஸ் சிரிக்கவில்லை. “என்ரை மகளுக்கும் கொட்டினனாங்கள். என்ரை மாமி அளந்து வைச்ச மாதிரிச் சொட்டு வைச்சவ. அவளுக்கு ரெண்டு பல்லு ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறி நிக்குது,” என்றார்.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். “இது பால்பல்லுக் காலம், நல்ல காலம். முன்பல்லு விழுந்து புதுப்பல்லு வாறதுக்கிடையிலை விரலை நிப்பாட்டினால், சொண்டும் நாக்கும் பல்லைக் கனக்கத் தானாச் சரிக்கட்டும். பிந்தினால் கம்பி போடவேணும். அதுக்குக் கொழும்புக்குப் போகவேணும்.”

கொழும்புக்கு என்றால் அந்த நாளில் கிளாலிக் கடலை இரவில் கடக்க வேண்டும். கடந்தவர்கள் எல்லோரும் கரையேறியதில்லை. பால்பல்லு ஆடத் தொடங்குவதற்குள் விரல் வெளியே வரவேண்டும், அவ்வளவுதான்.

“அடிக்காதேங்கோ,” என்றார் மிஸ். “எப்ப வைக்கிறாள் எண்டு பாருங்கோ. அந்த நேரம் வாய்க்கும் கைக்கும் வேறை வேலை குடுங்கோ. நித்திரையிலை கை தெரியாமல் நீளச் சட்டை போட்டு நுனியைக் கட்டிவிடுங்கோ.”

வருகிற வழியில் அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. முழுக்கத் தெளியவில்லை. சொட்டுக் குற்றம் போய்விட்டது. பிள்ளை பெறாத கை என்ற சொல் போகவில்லை. அதற்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்து இல்லை.

எப்போது வைக்கிறாள் என்று பார்க்க அக்காவுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. விமானம் கேட்டால் வைக்கிறாள். பொம்மர் வருகிற இரைச்சல் எங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன்பே அவள் விரல் வாய்க்குள் போய்விடும். நாங்கள் அதைப் பார்த்துத்தான் பங்கருக்கு ஓடுவோம் என்று கிறகோரி அண்ணைகூட ஒருமுறை பகிடி விட்டார். உள்ளே இருக்கும் நேரம் முழுதும் அவள் சூப்புவாள்.

பங்கருக்குள் நாங்கள் செபமாலை சொல்வோம். முன் சொல்கிறவள் நான். அது எனக்கு வந்துசேர்ந்த பதவி, குரல் நல்லதென்று பங்குச்சாமியே சொல்லியிருக்கிறார். அடுத்த முறை பொம்மர் வந்தபோது, நான் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கப் போகையில், அக்கா என் கையிலிருந்த செபமாலையைப் பறித்து ஸ்ரெலாவின் இரண்டு கையிலும் சுற்றிவிட்டார்.

“இண்டையிலையிருந்து இவள்தான் முன் சொல்லுவாள். பின்னாலை சொல்லுறது எங்கடை வேலை.”

எனக்கு முகம் சிவந்தது. “அவளுக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது அக்கா.”

“மாதாவுக்கு விளங்கும். நீர் பேசாமல் இரும்.”

பிள்ளை எங்களைப் பார்த்தாள். விரல் பாதி தூரம் போனது. ஆனால் கையில் மணி, முன்னால் காத்திருக்கிற இத்தனை பெரிய மனிதர்கள். அவள் தொடங்காவிட்டால் எவரும் தொடங்கப்போவதில்லை. மெல்ல, “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினாள், “ஆசீர்வதிக்கப்பட்டவள்” சீறிக்கொண்டு வந்தது. பாதியை விழுங்கினாள், ஒரே மணியில் இரண்டு முறை நின்றாள். மண் உதிர்ந்தது, பனங்குற்றி அதிர்ந்தது, அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நாங்களும் நின்றுவிடுவோம் என்று பயந்தாளோ தெரியாது. மூலையிலே இருந்த றோஸ் தலை குனிந்தபடி பின்பாதியைச் சொன்னாள்.

றோஸ் அக்காவுடன் கதைக்கவில்லை. ஆனால் தேவராசாவின் பழைய நீளக்கைச் சட்டை ஒன்று வெட்டித் தைக்கப்பட்டு, நுனியில் நாடாவோடு காலையில் அவர்கள் கொடியில் காய்ந்ததை நான் பார்த்தேன். வேப்பெண்ணெய்ப் போத்தலையும் பிறகு காணவில்லை.

எல்லாம் ஏறுமுகமாகப் போகவில்லை. தொண்ணூற்று மூன்று கார்த்திகையில் எங்கள் கோவிலிலேயே குண்டு விழுந்தது. அதைப்பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. ஸ்ரெலாவின் விரல் மறுபடி உள்ளே போனது. செபமாலையைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். மாதங்கள் போயின. அக்கா அவளை வற்புறுத்தவில்லை. கருவாடு காயப்போடும்போது பக்கத்தில் இருத்தி, இரண்டு கையாலும் காகம் விரட்டச் சொன்னார். வாயால் “ஓய்” என்று கத்தவும் வேண்டும் என்பது நிபந்தனை. ஒழுங்கைக் காகங்கள் எல்லாம் அந்த வருசம் செவிடாகியிருக்கும். இப்படியே ஒரு நாள் அவள் தானாகவே பங்கருக்குள் என் மடியிலிருந்து செபமாலையை எடுத்தாள். முதல் பால்பல்லு ஆடத் தொடங்கியபோது விரல் வெளியில் இருந்தது.

விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப்பல்லுக் கேட்டாள். அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்களும் நடந்தோம். மழை, சேறு, சனம். சாவகச்சேரியில் கால் வைக்க இடமில்லாமல், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே வகுப்பறையில் எங்கள் மூன்று வீடும். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை அடுக்கித் தடுப்புக் கட்டினோம். றோஸிடம் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது, அவ்வருசம் பிறந்த மகன். இவனுடைய கொழுக்கட்டையை மக்டலீன் தொடக்கூடாது என்று வயிற்றில் இருக்கும்போதே சொல்லியிருந்தவள் அவள்.

ஒரு மத்தியானம் அவள் தடுப்பைத் தாண்டி வந்து அக்காவின் முன்னால் நின்றாள்.

“அக்கா, இவனுக்குப் பல்லு வெட்டியிருக்குது. நிவாரண மா கொஞ்சம் கிடக்குது.”

அக்கா பிள்ளையின் முரசைப் பார்த்தார். கை நீண்டது, பாதியில் நின்றது. “வேறை ஆரையும் கேளும் றோஸ். என்ரை கை வேண்டாம்.”

“உங்கடை கைதான் வேணும்.”

“மாவைக் குழைச்சுத் தாறன். சொட்டை நீரே குத்தும்.”

தென்மராட்சியில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. அக்கா பிடித்துக் கொடுத்த முதல் கொழுக்கட்டையில் றோஸ் சொட்டுக் குத்தினாள். ஒன்று சரிந்தது, ஒன்று முறிந்தது, நடுவில் பெரிய இடைவெளி விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நீங்கள் அண்டைக்குச் சொட்டு விடேல்லை அக்கா. வரிசை நிறைஞ்சுதான் இருந்தது.”

அக்கா கையிலிருந்த மாவைக் கீழே வைத்தார்.

“கோட்டைச் சண்டையிலை, பங்கருக்குள்ளை இவள் நிப்பாட்டாமல் அழுதவள். எல்லாரும் வாயை மூடு வாயை மூடு எண்டு என்னிலை பாய்ஞ்சவை. எனக்குப் பாலும் வத்திப்போச்சு. நான்தான் அக்கா அவளின்ரை விரலைப் பிடிச்சு வாய்க்குள்ளை வைச்சனான். எடுக்க எடுக்கத் திருப்பித் திருப்பி வைச்சனான். பேந்து அதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”

நான் வெளியே மழையைப் பார்த்தேன். அந்தப் பங்கருக்குள் நாங்கள் எல்லோரும்தான் இருந்தோம்.

மக்டலீன் அக்கா றோஸின் கையை முகத்திலிருந்து விலக்கி, தன் சீலைத் தலைப்பால் கன்னத்து மாவைத் துடைத்துவிட்டார். “அண்டைக்கு உம்மட்டை வேறை என்ன இருந்தது? அவளை உயிரோடை கொண்டந்து சேர்த்தீர். மிச்சத்தை நாங்கள் பாத்தம்தானே,” என்றார்.

பிறகு மிச்சக் கொழுக்கட்டைகளைப் பிடித்தார். கை வழக்கமான வேகத்துக்கு வந்துவிட்டது. தேவராசாவின் தங்கை எந்தப் பக்கம் போனாள் என்று தெரியாததால், கொட்டுவதும் நீங்கள்தான் என்று றோஸ் சொன்னாள். றோஸ் குத்திய அந்தக் கோணல் கொழுக்கட்டையை ஒளித்துவைக்கப் பார்க்க, அக்கா அதை வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பையனின் தலையில் முதலில் விழுந்ததும் அதுதான். அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான், வகுப்பறை முழுக்கச் சிரித்தது.

உருண்டுபோனதை ஸ்ரெலா பொறுக்கினாள். அவளுக்கு ஏழரை வயது, முன்வாயில் புதுப்பல்லுகள் அகலமாக, கொஞ்சம் மிதப்பாக நின்றன. முன்பல்லாலேயே சொட்டோடு சேர்த்து ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டே மிச்சத்தை அக்காவிடம் நீட்டினாள். கடித்த இடம் நடுவில் ஒன்றும் நீளாமல் ஒரே வளைவாக வெட்டியிருந்தது. அக்கா அதை வாங்கி, றோஸிடம் கொடுத்தார்.